செல்ஃப் எடுக்கலையா? சத்தத்தைக் கேளுங்க பாஸ்!

சாவியைத் திருகினதும் உங்க வீட்டு கார் என்ன சொல்லுது? 'டக்'னு ஒரே ஒரு சத்தமா? 'கட கட கட'வா? 'விர்ர்ர்'னு வெறும் சுத்தலா? இல்ல... வாயையே திறக்கலையா?

நாலுக்கும் நம்ம ஊர்ல ஒரே தீர்ப்புதான்: "செல்ஃப் போச்சு!" அடுத்த சீன்ல பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் பின்னாடி நின்னு தள்ள, அப்பா செகண்ட் கியர்ல போட்டு கிளட்சை விட, வண்டி குலுங்கிக்கிட்டே கிளம்பும். சாயங்காலம் ஷெட்ல, "பேசாம மோட்டாரையே மாத்திடலாம் சார்"ங்கிற பேச்சு வரும். மாசக் கடைசியா இருந்தா வீட்டு பட்ஜெட்டே ஆட்டம் காணும். ஆம்னி வெச்சு ஸ்கூல் ட்ரிப் அடிக்கிற அண்ணனுக்கும், கால் டாக்ஸி ஓட்டுறவருக்கும் செலவோட சேர்த்து ஒரு நாள் வருமானமும் காலி.

இதுல சோகம் என்னன்னா, பல நேரம் அந்த மோட்டார் அப்பாவி! நிஜமான குற்றவாளி துருப்பிடிச்ச ஒரு போல்ட்டாவோ, உப்புப் பூத்த ஒரு டெர்மினலாவோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தேவையான பாடம் பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்துலயே இருக்கு. கூடவே ஒரு மல்டிமீட்டர், சில நூறு ரூபாய்தான். காலேஜ் லேபுல கையெழுத்துப் போட்டு வாங்கின அதே மீட்டர்தான் மக்களே!

நம்ம மாடலா மாருதி 800-ஐ எடுத்துக்குவோம். 796 சிசி, மூணு சிலிண்டர். 1983 டிசம்பர்ல முதல் சாவி கைமாறின கார். 2014 ஜனவரியோட தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஆனாலும் இன்னும் நிறைய வீட்டு வாசல்ல நிக்குது. பானெட்டுக்குள்ள கை விட இடம் இருக்கிறதால கத்துக்க வசதி. மத்த பெட்ரோல், டீசல் கார்களுக்கும் அடிப்படை இதேதான்.

உள்ளே என்னதான் நடக்குது?

ஒரு காலத்துல கார் ஸ்டார்ட் பண்ணணும்னா முன்னாடி கம்பியை மாட்டிக் கையால சுத்தணும். இன்ஜின் திடீர்னு ரிவர்ஸ்ல உதைச்சா மணிக்கட்டு காலி. சார்லஸ் கெட்டரிங்னு ஒரு அமெரிக்க எஞ்சினீயர் இதுக்கு ஒரு மோட்டாரை உருவாக்கினார். 1912 மாடல் கேடிலாக் கார்ல அது வந்தது. அங்க இருந்து வந்ததுதான் நம்ம 'செல்ஃப்'. சென்னையில பாடி பக்கம் பஸ்ல போறவங்க லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டாப்பிங்கைத் தாண்டியிருப்பீங்க. 1961-ல ஆரம்பிச்ச அந்த ஃபேக்டரி ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பேர் போனது.

மோட்டார் மேல குட்டியா இன்னொரு உருளை ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் சொலினாய்டு. உள்ளே ரெண்டு காயில். ஒண்ணு இழுக்கிற காயில், இன்னொண்ணு பிடிச்சு வைக்கிற காயில். சாவியைத் திருகினதும் ரெண்டும் சேர்ந்து உள்ளே இருக்கிற இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு ஒரு லீவரை அசைக்கும். லீவர் சின்னப் பல்சக்கரத்தை, அதாவது பினியனை, இன்ஜினோட ஃப்ளைவீல் பல்லுல கொண்டுபோய் மாட்டும். தண்டு முழுசா உள்ளே போனதும் அதோட கடைசியில இருக்கிற செம்புத் தட்டு ரெண்டு பெரிய கான்டாக்ட்டை இணைக்கும். அப்பதான் பேட்டரியோட முழு கரன்ட்டும் மோட்டாருக்குள்ள பாயும். அந்த நொடியில இழுக்கிற காயிலோட வேலை முடிஞ்சுடும். பிடிச்சு வைக்கிற காயில் மட்டும் காவலுக்கு நிக்கும்.

இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அது மோட்டாரை வேகமா சுத்திச் சிதறடிச்சுடாம இருக்க, பினியனோட ஒரு ஒன்வே கிளட்ச் இருக்கு. ஷெட்ல இந்த மொத்த செட்டுக்கும் 'பெண்டிக்ஸ்'னு பேர்.

சின்ன காரா இருந்தாலும் ஸ்டார்ட் ஆகிற அந்த ஒண்ணு ரெண்டு செகண்ட்ல 100 ஆம்பியருக்கு மேல கரன்ட் ஓடும். இந்த நம்பரை மனசுல வெச்சுக்குங்க. கதையே இதுலதான் இருக்கு.

சத்தம் சொல்லும் சேதி

'கட கட கட கட': பெரும்பாலும் பேட்டரி வீக், இல்லைன்னா டெர்மினல் லூஸ். செம்புத் தட்டு ஒட்டினதும் மோட்டார் கரன்ட்டை உறிஞ்சுது, வோல்டேஜ் தடால்னு விழுது, பிடிச்சு வைக்கிற காயில் பிடியை விட்டுடுது. தட்டு பிரிஞ்சதும் வோல்டேஜ் ஏறுது, திரும்ப இழுக்குது. இது ஒரு செகண்டுக்குப் பல தடவை நடந்தா, அதுதான் அந்த 'கட கட'. அந்தப் பிடிக்கிற காயில் கட் ஆனாலும் இதே சத்தம் வரும்.

ஒரே ஒரு 'டக்': சொலினாய்டு வேலை செய்யுது, மோட்டார் சுத்தலை. கான்டாக்ட் கரிஞ்சிருக்கலாம், கார்பன் தேய்ஞ்சிருக்கலாம், ஒயர்ல தடை இருக்கலாம். அபூர்வமா இன்ஜினே ஜாம் ஆகியிருக்கலாம்.

'விர்ர்ர்': மோட்டார் சூப்பரா சுத்துது, ஆனா இன்ஜின் அசையலை. பெண்டிக்ஸ் வழுக்குது, இல்லைன்னா ஃப்ளைவீல் பல்லு தேய்ஞ்சு போச்சு.

'கர்ர்ர்ரக்': பல்லும் பல்லும் உரசுது. பினியன் பல்லு, ஃப்ளைவீல் பல்லு, ஸ்டார்ட்டரோட மவுண்டிங் போல்ட் மூணையும் பாருங்க.

மயான அமைதி: சொலினாய்டுக்கே உத்தரவு வரலை. ஃப்யூஸ், ரிலே, இக்னிஷன் சுவிட்ச், இல்ல சொலினாய்டுக்குப் போற சின்ன ஒயர். ஆட்டோமேட்டிக் கார்னா கியர் லீவர் 'பி' அல்லது 'என்'ல இருக்கான்னு பாருங்க. இப்ப வர்ற நிறைய கார்ல கிளட்சை முழுசா மிதிச்சாதான் செல்ஃப் எடுக்கும்.

செலவில்லாத ஒரு டெஸ்ட் சொல்றேன். ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு சாவியைத் திருகுங்க. வெளிச்சம் ரொம்ப மங்கினா, கரன்ட் நிறைய இழுக்குது. பேட்டரி வீக்கா இருக்கலாம், மோட்டாரோ இன்ஜினோ சிக்கியிருக்கலாம். வெளிச்சம் கொஞ்சமும் மாறலைன்னா, மோட்டாருக்குக் கரன்ட்டே போகலை. சுத்தமா அணைஞ்சே போச்சுன்னா, பேட்டரி டெர்மினலைக் கையால ஆட்டிப் பாருங்க. பாதி கேஸ் அங்கேயே முடியும்!

மீட்டரை எடுங்க

முதல்ல பேட்டரி. வண்டி சில மணி நேரம் சும்மா நின்னதுக்கப்புறம் அளக்கணும். முழு சார்ஜ்ல இருந்தா 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12.2 காட்டினா பாதி சார்ஜ்தான். 12-க்குக் கீழன்னா, முதல்ல சார்ஜ் போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

ஆனா 12.6-ஐப் பார்த்து ஏமாந்துடாதீங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போது எல்லாரும் ஹீரோதான். பாரம் ஏத்தினாதான் வண்டவாளம் தெரியும். ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு, பேட்டரி முனையில மீட்டரை வெச்சுப் பாருங்க. செல்ஃப் சுத்தும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ விழுந்தா பேட்டரி மேல சந்தேகப்படலாம். (டெஸ்ட் நேரத்துல இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. அதனால ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையோ, இக்னிஷன் காயிலுக்கு வர்ற சின்ன கனெக்டரையோ முன்னாடியே கழட்டிடுங்க. பத்து செகண்டுக்கு மேல அடிக்காதீங்க. நடுவுல அரை நிமிஷமாவது ரெஸ்ட் கொடுங்க.)

அடுத்துதான் மெயின் டெஸ்ட். பேர் வோல்டேஜ் டிராப். மீட்டரோட ஒரு முனையை பேட்டரியோட பாசிட்டிவ் கம்பத்து மேல வைங்க. இன்னொரு முனை, ஸ்டார்ட்டர்ல தடி ஒயர் வந்து சேர்ற போல்ட்டுல. செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்குள்ள காட்டணும். அடுத்து எர்த் பக்கம். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணு ஸ்டார்ட்டரோட உடம்புல. இங்க 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

"சும்மா ஓம்ஸ்ல வெச்சு ஒயரை செக் பண்ணினா போதாதா?"ன்னு கேக்குறீங்களா? போதாது. ஒயருக்குள்ள இருக்கிற முப்பது இழையில ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் 'பீப்'னு சிரிக்கும். 100 ஆம்பியர் ஓடும்போதுதான் அந்த ஒத்தை இழையோட பரிதாபம் தெரியும்.

ஒரு கேஸ் ஸ்டடி

எங்க தெருவுல நின்ன ஒரு மாருதி 800. சோம்பேறித்தனமா 'ர்ர்...ர்ர்...'னு ரெண்டு சுத்து, அப்புறம் 'டக்'. ஸ்டார்ட்டரை மாத்தணும்னு முடிவே பண்ணியாச்சு. அதுக்கு முன்னாடி அளந்து பார்த்தோம்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில 10.6 வோல்ட். ஓ.கே.! அதே நேரத்துல ஸ்டார்ட்டருக்குக் கிடைச்சது 8.7 வோல்ட்தான். நடுவுல 1.9 வோல்ட் எங்கே போச்சு? பாசிட்டிவ் ஒயர்ல 0.3. அது சரி. எர்த் பக்கம் 1.6! திருடன் சிக்கிட்டான்.

இப்ப ஓம் விதியைப் போடுங்க. கரன்ட் 120 ஆம்பியர்னு வெச்சுக்கிட்டா, 1.6-ஐ 120-ஆல வகுத்தா சுமார் 0.013 ஓம். ஒரு ஓம்ல நூத்துல ஒரு பங்கு! அவ்வளவு சின்னத் தடைதான் ஒரு காரையே படுக்க வெச்சிருக்கு. 1.6-ஐ 120-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 190 வாட். அத்தனையும் அந்த ஜாயின்ட்டுல சூடா வீணாகுது. அதனாலதான் செல்ஃப் அடிச்சதும் ஒயர் ஜாயின்ட் சுடுதான்னு தொட்டுப் பார்க்கிறது ஷெட்ல பழைய வழக்கம்.

கியர்பாக்ஸ்ல எர்த் ஒயர் மாட்டியிருந்த போல்ட்டுக்கு அடியில துரு. கழட்டி, உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சு, இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவினோம். டிராப் 0.2-க்குக் கீழ வந்துடுச்சு. செல்ஃப் ஒரே இழுப்புல எடுத்தது. செலவு? ஒரு உப்புத்தாள்.

சரி, மோட்டார்தான் குற்றவாளின்னா?

பேட்டரி நல்லா இருக்கு, ரெண்டு பக்க டிராப்பும் சரி, சாவியைத் திருகினா சொலினாய்டோட சின்ன டெர்மினலுக்கு கரன்ட் வருது... ஆனாலும் மோட்டார் சுத்தலை. இப்பதான் ஸ்பேனரை எடுக்கணும்.

வண்டியை சமதளத்துல நிறுத்துங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்கு முன்னும் பின்னும் கல். மோதிரம், வாட்ச், கையில செயின் எல்லாத்தையும் கழட்டுங்க. பேட்டரியில நெகட்டிவ் ஒயரை முதல்ல கழட்டணும். மாட்டும்போது அதைத்தான் கடைசியா மாட்டணும். இந்த ஆர்டரை மாத்தினா, ஸ்பேனர் பாடியில பட்ட நொடியில தீபாவளிதான்!

ஒயர் எது எங்கேன்னு மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, மவுண்டிங் போல்ட்டைக் கழட்டினா ஸ்டார்ட்டர் கையில வந்துடும். கனம் இருக்கும், கீழே விட்டுடாதீங்க.

மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி, மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு வைங்க. திரும்ப மாட்டும்போது சரியா உட்கார இது உதவும். நீள போல்ட் ரெண்டையும் கழட்டினா பின்மூடி வரும். உள்ளே கறுப்புப் பவுடர் கொட்டும். அது கார்பன் தேய்ஞ்ச தூள். காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி விடுங்க. வாயால ஊதாதீங்க, மூக்குக்குள்ள போகும்.

கார்பன்: புதுசோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. பாதிக்கு மேல தேய்ஞ்சிருந்தா செட்டா மாத்திடுங்க. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் கார்பன் சரியா அழுத்தாது. சில மாடல்ல கார்பன் ஒயரை சால்டர் பண்ண வேண்டி வரும். சின்ன எலெக்ட்ரானிக்ஸ் அயர்ன் அந்த தடிமன் ஒயருக்குச் சூடு பத்தாது, பெரிய அயர்ன் தேடுங்க.

கம்யூட்டேட்டர்: கார்பன் உரசுற செம்புப் பகுதி. கறுத்திருந்தா மெல்லிய உப்புத்தாளால சுத்திவரத் தேய்ங்க. எமரி பேப்பர் வேண்டாம். அதோட துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவுல தங்கி ஷார்ட் பண்ணும். அப்புறம் மீட்டர். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவுல 'பீப்' வரணும். பட்டைக்கும் நடு ஷாஃப்ட்டுக்கும் நடுவுல வரவே கூடாது. வந்தா ஆர்மேச்சர் எர்த் ஆயிடுச்சு. அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

புஷ்: ஷாஃப்ட்டோட ரெண்டு பக்கமும் இருக்கிற பித்தளை நிற வளையம். தேய்ஞ்சிருந்தா ஆர்மேச்சர் தள்ளாடி, சுத்தி இருக்கிற காந்தத்துல உரசும். உரசின கீறல் பளிச்சுனு தெரியும். காசு கம்மிதான், மாத்திடுங்க.

சொலினாய்டு: கான்டாக்ட் கரிஞ்சு குழி விழுந்திருந்தா 'டக்' மட்டும்தான் வரும். சில மாடல்ல கான்டாக்ட் மட்டும் தனியா கிடைக்கும், சிலதுல முழு சொலினாய்டையும் மாத்தணும்.

பெண்டிக்ஸ்: ஒரு பக்கம் சுத்தினா தனியா சுத்தணும், மறுபக்கம் சுத்தினா ஷாஃப்ட்டைப் பிடிக்கணும். ரெண்டு பக்கமும் சுத்தினா ஆயுசு முடிஞ்சது. சுத்தம் பண்றேன்னு பெட்ரோல்லயோ மண்ணெண்ணெய்லயோ ஊற வைக்காதீங்க. உள்ளே இருக்கிற கிரீஸ் கரைஞ்சு, நல்லா இருந்ததும் கெட்டுப் போகும்.

மாட்டறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

ஸ்டார்ட்டரை வைஸ்ல இறுக்கிப் பிடிங்க. ஜம்பர் கேபிள்ல நெகட்டிவை உடம்புக்கும், பாசிட்டிவைப் பெரிய டெர்மினலுக்கும் கொடுங்க. அங்க இருந்து ஒரு சின்ன ஒயரால சொலினாய்டோட சின்ன டெர்மினலைத் தொட்டா, பினியன் 'டப்'னு வெளியே பாய்ஞ்சு சுத்தணும். ரெண்டு மூணு செகண்ட் போதும்.

"டி.சி. சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாம ஏன் ஓட்டக் கூடாது?" வைவாவுல வழக்கமா வர்ற அதே கேள்வி! பழைய டைப் ஸ்டார்ட்டர் அந்த சீரிஸ் மோட்டார்தான். நின்ன நிலையில பயங்கர முறுக்கு விசை தரும், அதனாலதான் இன்ஜினை அசைக்க முடியுது. பாரம் இல்லைன்னா வேகம் ஏறிக்கிட்டே போகும். புது டைப்ல காயிலுக்குப் பதிலா நிரந்தர காந்தமும் ஒரு கியர் செட்டும் இருக்கும். அதையும் ரொம்ப நேரம் ஓட்ட வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது ஸ்டார்ட்டர் உட்கார்ற முகத்தைத் துடைச்சு சுத்தமா வைங்க. அந்த இரும்பு முகம்தான் மோட்டாருக்கு எர்த். அங்க மண்ணும் பெயின்ட்டும் இருந்தா, கழட்டினது வீண்.

இதெல்லாம் மட்டும் வேண்டாம்!

* கியர்ல இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரால சொலினாய்டை ஷார்ட் பண்ணாதீங்க. வண்டி பாய்ஞ்சா முன்னாடி நிக்கிறது நீங்கதான்.

* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. ஸ்டாண்ட் இல்லைன்னா, கீழே இருந்து பண்ற வேலையே வேண்டாம்.

* கார்பன் ஒட்டிக்கிட்டா ஸ்டார்ட்டரை லேசா தட்டினா ஒரு தடவை எடுக்கும், உண்மைதான். அது ஷெட் வரைக்கும் போறதுக்கு மட்டும். காந்தம் வெச்ச மோட்டாரை சுத்தியலால ஓங்கி அடிச்சா காந்தமே உடையும்.

* வெள்ளத்துல மூழ்கின காருக்கு செல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க. 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல்... சென்னைக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா அது அமுங்காது; கனெக்டிங் ராடுதான் வளையும். நேரா டோ பண்ணிக்கிட்டுப் போங்க.

* ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டியில ஆரஞ்சு கலர் ஒயரைப் பார்த்தா கையைக் கட்டிக்குங்க. அது 12 வோல்ட் சமாச்சாரம் இல்ல.

* பேட்டரி பக்கத்துல தீப்பொறி, சிகரெட் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

இவ்வளவும் படிச்சிட்டு, "ஸ்டார்ட்டரைக் கழட்டுற அளவுக்கு எனக்கு தைரியம் இல்ல பாஸ்"னு சொல்றீங்களா? நோ ப்ராப்ளம்! கழட்டுற வேலையை ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கிட்டயே விடுங்க. பல வருஷம் கைப்பழக்கம் உள்ளவர் அவர். ஆனா போகும்போது வெறும் கையோட போகாதீங்க. ஒரு துண்டுச் சீட்டுல நாலு நம்பரை எழுதிக் கொண்டு போங்க: சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ், பாசிட்டிவ் பக்க டிராப், எர்த் பக்க டிராப்.

"செல்ஃப் போச்சுண்ணே"ன்னு போனா பேச்சு புது மோட்டார்ல ஆரம்பிக்கும். "அண்ணே, எர்த் பக்கம் 1.6 வோல்ட் டிராப் ஆகுது"ன்னு போனா, அவர் முதல்ல அந்த எர்த் போல்ட்டைத்தான் பார்ப்பார்!